பக்கத்து இருக்கையின் பிரேக்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என்னுடையதல்ல. ஒரு காரின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தபோது முன்சீட்டிலிருந்து எனக்குக் கிடைத்தது. உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். கொடுப்பதற்கு முன் கசங்கலை நீவி, ஒழுங்காக மடித்துக் கொடுக்கலாமே என்று எழுத உட்கார்ந்தேன். மூன்று மாதமாகிறது, இன்னும் நீவிக்கொண்டிருக்கிறேன்.

கார் ஒரு டிரைவிங் ஸ்கூலுடையது. அதில் பிரேக்கும் கிளட்ச்சும் இரண்டு ஜோடி. ஒன்று ஓட்டப் பழகுகிறவர் காலடியில். இன்னொன்று பக்கத்து இருக்கையில், சொல்லிக்கொடுப்பவர் காலடியில். நீங்கள் திகைத்துப்போய் ஒரு தள்ளுவண்டியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தால் பக்கத்தில் இருப்பவர் மிதிப்பார். வண்டி நிற்கும். தள்ளுவண்டிக்காரர் உங்கள் பரம்பரையை விசாரிப்பார். உயிர்ச்சேதம் இருக்காது.

ஒரு வகுப்புக்கு மூன்று பேர். ஒருவர் ஓட்ட, மற்ற இருவரும் பின்னால் உட்கார்ந்து தங்கள் முறைக்குக் காத்திருக்க வேண்டும். எங்கள் வகுப்பில் நான், ஒரு ரொட்டிக்காரர், பிறகு மெத்தை என்று பட்டப்பெயர் வாங்கிய ஒரு பெண். அறுபத்தெட்டு வயதில் உனக்கு எதற்குக் கார் என்று கேட்டவர்களிடம், நூலகத்துக்குப் போக பஸ் நேரத்துக்கு வருவதில்லை என்றேன். உண்மை என்னவென்றால் என் தங்கை கற்றுக்கொண்டுவிட்டாள்.

கதையின் முதல் வரியாக எழுதிவைத்திருந்தது இது:

மூன்றாவது முறையும் டெஸ்டில் தோற்றுவிட்டு அவள் வெளியே வந்தபோது மழை பிடித்துக்கொண்

மழை பெய்யவில்லை. சட்டை முதுகில் ஒட்டும் வெயில். ஒரு பெண் தோற்றால் என் கை ஏன் தானாக மழையைத் தேடிப் போகிறது என்று தெரியவில்லை. நிறுத்திவிட்டேன். நிறுத்திய இடத்தை நீங்களும் பார்க்கட்டும் என்று அப்படியே விட்டிருக்கிறேன்.

2

இரண்டாவது தொடக்கம்: மெத்தைக்கு அந்தப் பெயரை வைத்தவர் மாஸ்டர்.

(மாஸ்டர் ஒரு பெண். முப்பத்தெட்டு வயது. வண்டி சொல்லிக்கொடுப்பவர் யாரானாலும் மாஸ்டர்தான். மெத்தையைவிட ஆறு வயது சின்னவர். இருந்தும் இந்தக் கதையில் மாஸ்டரை ‘அவர்’ என்கிறேன், மெத்தையை ‘அவள்’ என்கிறேன். மரியாதைக் குறைவு இல்லை. பக்கத்து இருக்கையில் பிரேக் வைத்திருப்பவரை ‘அவள்’ என்று சொல்ல எனக்குத் துணிச்சல் போதாது.)

“டேஷ்போர்டு மேல ஒரு டம்ளர் தண்ணிய வெச்சா சொட்டு சிந்தாதுக்கா” என்றார் மாஸ்டர் ஒருநாள். “நீங்க வண்டிய நிறுத்துற மாதிரியே இல்ல. தூங்குற குழந்தைய மெத்தையில படுக்க வெக்கிற மாதிரி இருக்கு.”

“நான் நிறுத்துனா எப்படி இருக்கு மாஸ்டர்?” என்றார் ரொட்டிக்காரர் பின்னாலிருந்து.

“அதே குழந்தை கட்டில்லேருந்து விழுற மாதிரி இருக்குண்ணே.”

அன்றிலிருந்து அவள் மெத்தை. அவளும் அதற்குத் திரும்பிப் பார்ப்பாள்.

மெத்தைக்கு வேலை ஒரு வீட்டில், ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்வது. பக்கவாதம் வந்து பேச்சுப் போய் அவருக்கு இரண்டு வருடம். சமையலறைக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறைதான் அவளுக்கு வீடு. வாரத்தில் மூன்று நாள் பெரியவரைக் கைகால் பயிற்சிக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். இதுவரை அவருடைய மகன் காரில் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். இப்போது அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல்.

மகன் மோசமானவர் இல்லை. வெளிப்படையாகச் சொன்னார். “நீங்க லைசென்ஸ் எடுத்தா காரை இங்கயே விட்டுட்டுப் போறேன், அப்பா இந்த வீட்லயே இருக்கட்டும். இல்லன்னா காப்பகத்துல இடம் கேட்டு வெச்சிருக்கேன். ஒண்ணாம் தேதி நான் கிளம்பியாகணும்.”

காப்பகம் என்றால் பெரியவருக்கு அவர் நாள் முழுக்க உட்கார்ந்து தெருவைப் பார்க்கும் ஜன்னல் கிடையாது. மெத்தைக்கு வேலையும் கிடையாது, அறையும் கிடையாது.

வாடகைக் கார் இல்லையா என்று ஒருவர் கேட்டார், இந்தக் கதையை நான் நூலகத்தில் வாய்விட்டுச் சொன்னபோது. இருக்கிறது. பெரியவர்தான் ஏறமாட்டார். தெரியாத கார் என்றால் வாசல் கம்பியைப் பிடித்துக்கொள்வார். ஒரு பக்கம் விளங்காதே தவிர, விளங்கும் கையில் இரண்டு கைக்கான பலம். அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தவள் மெத்தை. திரும்ப அதைச் செய்யமாட்டேன் என்றாள்.

3

பள்ளி அலுவலகச் சுவரில் முதலாளி ஒரு அட்டவணை ஒட்டியிருந்தார். இருபது வகுப்பு. மூன்றாவது வகுப்பில் கியர், ஏழாவதில் மேடு, பதினொன்றாவதில் பின்னோக்கி ஓட்டுவது. ரொட்டிக்காரர் மூன்றாவது வகுப்பிலும் ஸ்டீயரிங்கையே கட்டிக்கொண்டு அழுதார். மாஸ்டர் அட்டவணையை ஓரமாக வைத்துவிட்டு அவருக்கு ஸ்டீயரிங்கையே சொல்லிக்கொடுத்தார். முதலாளிக்கு அது தெரிந்துபோனது.

“டாக்டர் ஆளுக்கொரு மருந்து குடுப்பாரு, சரி” என்றார் முதலாளி. “கார் ஆளுக்கொரு காராம்மா? எல்லாருக்கும் ஒரே காரு, ஒரே ரோடு. அப்புறம் பாடம் மட்டும் எதுக்கு வேற வேற?”

மாஸ்டர் தலையாட்டிவிட்டு வந்து காரில் ஏறினார்.

“அண்ணே, பொங்கி வந்த மாவைத் தூக்கி அச்சுல வெப்பீங்கல்ல? அமுக்கிட்டா என்ன ஆகும்?”

“காத்துப் போயிடும். ரொட்டி கல்லு.”

“இந்தச் சக்கரத்துக்குள்ளயும் காத்து இருக்கு. அமுக்காதீங்க.”

அன்றைக்குத்தான் அந்த மனிதருடைய தோள் காதைவிட்டுக் கீழே இறங்கியது.

எனக்குக் கியர் வரைபடம் தலையில் ஏறவில்லை. கோடும் எண்ணுமாக எதைக் காட்டினாலும் எனக்கு அப்படித்தான்.* மாஸ்டர் வரைபடத்தை மடித்து வைத்துவிட்டு, “கதையம்மா, இது ஒரு குடும்பம்” என்றார். “ஒண்ணாம் கியர் பெரியப்பா. பலம் ஜாஸ்தி, வேகம் கிடையாது. எதைக் கிளப்பணும்னாலும் அவருதான் வரணும். ரெண்டு, அவரு சம்சாரம். அவரு கிளப்புனதை இந்தம்மாதான் நடத்திக் காட்டணும். அஞ்சாவது, புது மாப்பிள்ளை. சமதளத்துல பறப்பாரு. மேட்டைக் கண்டா கைய விரிச்சிடுவாரு.” இன்றைக்கும் நான் கியர் போடுவதில்லை. பெரியப்பாவைக் கூப்பிடுகிறேன்.

(*பள்ளிக்கூடத்தில் உயரப்படி உட்காரவைத்தார்கள். நான் உயரம், கடைசி பெஞ்சு. கண் பார்வை குறைவு என்பது எனக்கே தெரியாது. கரும்பலகையில் எல்லோருக்கும் ஏதோ தெரிகிறது, எனக்கு மட்டும் வெள்ளையாகப் பூச்சி ஊர்கிறது. ஐந்தாவது வருடம் நின்றுவிட்டேன். முன் பெஞ்சுக்கு மாறி உட்கார் என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும். யாரையும் குறை சொல்லவில்லை. காதால் பிடித்துக்கொள்ளப் பழகியது அப்போதுதான், கதை சொல்லப் பழகியதும்.)

மாஸ்டரிடம் ஒரு நோட்டு உண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். என் பக்கத்தில் ‘படம் வேண்டாம், சொல்லு’ என்று எழுதியிருந்தது. ரொட்டிக்காரர் பக்கத்தில் ‘கையை மற’. மெத்தையின் பக்கத்தில் ‘நல்ல கால். பயம் இல்லை. பேசினால் பதறுகிறாள், பேச்சைக் குறை’ என்று இருந்தது. அதற்குக் கீழே ‘ஏன்?’ அதற்கும் கீழே இன்னொரு ‘ஏன்?’ அப்புறம் மூன்றாவதாக ஒன்று. ஒரு தோல்விக்கு ஒரு ‘ஏன்’.

அந்தக் கேள்வி நியாயமானதுதான். நாலு மாதத்தில் மெத்தைக்காக மாஸ்டர் ஒருமுறைகூடத் தன் பக்கத்து பிரேக்கை மிதித்ததில்லை. நாய் குறுக்கே ஓடினாலும், சைக்கிள் சரிந்தாலும், மெத்தை அதற்கு முன்பே பூப்போல நிறுத்திவிடுவாள். ஆனால் டெஸ்டுக்குப் போனால் நடப்பது வேறு. முதல் முறை, காலியான சாலையில் நட்டநடுவில் காரணமே இல்லாமல் நிறுத்தினாள். இரண்டாவது முறை நிற்க வேண்டிய கோட்டைத் தாண்டி அவள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள், அதிகாரி கத்தும்வரை. மூன்றாவது முறையும் அதேதான். அதிகாரி தந்த சீட்டில் ‘கவனமின்மை’ என்று இருந்தது.

ஒருமுறை வேண்டாத இடத்தில் நிற்கிறாள், இரண்டு முறை வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. இரண்டும் ஒரே கோளாறு என்று அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் கதை இங்கேயே முடிந்து, நீங்களும் உங்கள் வேலையைப் பார்க்கப் போயிருப்பீர்கள்.

4

மாஸ்டருக்குச் சளி பிடித்தது.

கதையின் திருப்பம் ஒரு சளியா என்று எனக்கும் தயக்கம்தான். காய்ச்சலாக்கலாமா என்று பார்த்தேன், ஒரு சின்ன விபத்தாக மாற்றினால் கொஞ்சம் எடுப்பாக

வேண்டாம். சளிதான்.

கிடங்குகள் இருக்கும் பக்கம் நீளமான நேர்சாலை. ஞாயிறு காலை, ஈ காக்கை இல்லை. மெத்தை ஓட்டுகிறாள். மாஸ்டர் மூக்கை உறிஞ்சினார். வண்டி நின்றது. மெத்தென்றுதான் நின்றது.

“யாருக்கா குறுக்க வந்தது?”

“யாரும் வரல மாஸ்டர்.”

“அப்ப எதுக்கு நிறுத்துனீங்க?”

“தெரியல. நிறுத்தணும்னு தோணிச்சு.”

கிளம்பினோம். பெரியப்பா, பெரியம்மா, மூன்றாம் கியர். மாஸ்டர் உறிஞ்சினார். வண்டி நின்றது.

“அக்கா, விடியக்காலையிலேருந்து நின்னுகிட்டே வேலை பார்த்துட்டு, உக்காரலாமேன்னுதான் இங்க வரேன்” என்றார் ரொட்டிக்காரர். “இங்கயும் நின்னு நின்னு போனா எப்படி?”

மூன்றாவது முறை நின்றபோது அவரேதான் சொன்னார், “மாஸ்டர், உங்க மூக்குலதான் பிரேக் வயரைக் கட்டியிருக்காங்க போல.”

நான் சிரித்தேன். மெத்தையும் சிரித்தாள். மாஸ்டர் சிரிக்கவில்லை. “கிளம்புங்கக்கா” என்றார். வண்டி வேகம் எடுத்ததும், சளியே இல்லாமல், வேண்டுமென்றே, சுருக்கென்று மூச்சை உள்ளே இழுத்தார்.

வண்டி நின்றது.

(இதை நூலகத்தில் சொன்னபோது, கண்டுபிடித்தது நான் என்று சொல்லிவிட்டேன். காதால் வாழ்கிறவள் காதால் கண்டுபிடித்தாள் என்றால் கேட்க நன்றாக இருக்கிறதல்லவா? கண்டுபிடித்தவர் ரொட்டிக்காரர். அதுவும் கேலி செய்யப்போய். எழுத்தில் அவருடையதை அவருக்குத் தந்துவிடுகிறேன்.)

5

வண்டியை ஓரங்கட்டச் சொன்னார் மாஸ்டர். கண்ணாடியை இறக்கினோம்.

“பெரியவருக்குத் தண்ணி வேணும்னா எப்படிக்கா தெரிஞ்சுக்குவீங்க?”

“மூச்சை வெடுக்குன்னு இழுப்பாரு மாஸ்டர். திரும்பிப் படுக்கணும்னா நீளமா விடுவாரு. வலின்னா ஒரு நிமிஷம் மூச்சே வராது. அது கேக்கறதுக்கு முன்னாடியே நான் எந்திரிச்சிருப்பேன்.”

“என் மூச்சையும் அப்படித்தான் கேட்டுட்டிருந்தீங்களா?”

“நான் கேக்கலையே...” மெத்தை ஸ்டீயரிங்கைப் பார்த்தாள். “காது அதுபாட்டுக்கு...”

“முதல் டெஸ்ட்ல, நடு ரோட்ல நிறுத்துனீங்களே. அப்ப அந்த அதிகாரி என்ன பண்ணிட்டிருந்தாரு?”

யோசித்தாள். “கொட்டாவி விட்டாரு.”

“மத்த ரெண்டு பேரு?”

“அவங்க மூச்சே விடல மாஸ்டர். பக்கத்துல ஆள் இருக்காங்களான்னே தெரியல.”

ரொட்டிக்காரர் சிரிப்பை அடக்க முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டார். மாஸ்டர் நோட்டை எடுத்து மெத்தையின் பக்கத்தைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். எழுதவில்லை.

“ஆபத்து வர்றப்ப எல்லாம் நான் மூச்சை இழுத்துட்டுக் காலைப் பெடல் மேல வெப்பேன். பதினாறு வருஷப் பழக்கம். அது கேட்டதும் நீங்க மிதிச்சிருக்கீங்க. நாலு மாசமா ரோட்டைப் பார்த்தது நான். நீங்க என்னைப் பார்த்தீங்க. பேசுனா உங்களுக்குப் பதறுதேன்னு பேச்சைக் குறைச்சேன். உங்களுக்காகத்தான். அதனாலதான் மூச்சு நல்லாக் கேட்டிருக்கு” என்றார்.

இங்கே மாஸ்டர் கண் கலங்கியதாக ஒரு வரி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். அவர் கண் கலங்கவில்லை. சளிதான். கைக்குட்டையால் மூக்கைச் சிந்தினார், மெத்தையின் கால் பிரேக்குக்குப் போனது, வண்டி ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தது.

மாதத்தின் கடைசி டெஸ்டுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

6

முதலில் முயன்றது பாட்டு. வகுப்பு முழுக்க மாஸ்டர் பாடிக்கொண்டே இருந்தால் மூச்சு மறைந்துவிடும் என்று யோசனை சொன்னது நான், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். பாடுகிறவருக்கும் மூச்சு வேண்டும் என்பதை மறந்துவிட்டேன். ஒவ்வொரு அடி முடியும்போதும் வண்டி நின்றது. தவிர, மாஸ்டருடைய குரலைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருப்பதே அவருக்கு நான் செய்யும் நன்றி.

அப்புறம் ரேடியோ. ரேடியோவுக்கு அடியிலிருந்தும் அவள் மூச்சைப் பொறுக்கி எடுத்தாள்.

மூன்றாவது நாள் மாஸ்டர் மூச்சை அடக்கிப் பார்த்தார். கடைத்தெருவில் முக்கால் நிமிடம் வண்டி ஒழுங்காகப் போனது. பிறகு மெத்தை ஓரங்கட்டி நிறுத்தி, என்ஜினை அணைத்து, மாஸ்டரின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள்.

“மாஸ்டர், உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?”

“இருந்தது. இப்பப் போயிடுச்சு” என்றார் மாஸ்டர், மூச்சு வாங்கிக்கொண்டே.

நாலாவது நாள் மாஸ்டர் வண்டியைக் கடைத்தெரு முனையில் நிறுத்தி என்ஜினை அணைக்கச் சொன்னார். வகுப்பு முழுக்க வண்டி நகரவில்லை. முதலாளி பார்த்திருந்தால் அட்டவணையோடு ஓடிவந்திருப்பார்.

“உங்க காதை மூடி என்ன ஆகப்போகுது, ஆளை மாத்துவோம்” என்றார். “நான் உங்க பெரியவர் இல்லக்கா. அதோ அங்க நடைபாதையில நிக்கறாங்களே, அவங்கதான். யாரு ரோட்டுல இறங்கப் போறாங்கன்னு சொல்லுங்க. இறங்கறதுக்கு முன்னாடி சொல்லணும்.”

எங்களையும் சொல்லச் சொன்னார். பன்னிரண்டு பேரில் ரொட்டிக்காரர் ஐந்து பேரைச் சரியாகச் சொன்னார். நான் நாலு. (ஒரு அம்மாள் கட்டாயம் இறங்குவார் என்று நினைத்தேன். அவர் அங்கேயே நின்று இன்னொரு அம்மாளோடு சண்டை போட்டார்.) மெத்தை பதினொன்று.

“அந்தக் கட்டம் போட்ட சட்டைக்காரரு இப்ப வருவாரு.”

வந்தார்.

“எப்படிக்கா?”

“தோள் ஏறுது மாஸ்டர். இறங்கறதுக்கு முன்னாடி எல்லாரும் ஒரு மூச்சு எடுக்கறாங்க. கேக்கணும்னு இல்ல. பார்த்தாலே தெரியுது.”

பன்னிரண்டாவது ஆளைத் தவறவிட்டதற்கும் அவளிடம் காரணம் இருந்தது. “அவரு குடிச்சிருந்தாரு. அவருக்கே தெரியாது எறங்கப் போறோம்னு.”

இந்த இடத்தில் ‘அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது’ என்று எழுத ஆசை. சரியாகவில்லை. சாலையில் இருப்பவர் தூரத்தில் இருக்கிறார், மாஸ்டர் கைக்கெட்டும் தூரத்தில். கிட்டே இருக்கும் மூச்சுதான் ஜெயித்தது, முதல் நாள் முழுக்க. அதனால் மாஸ்டர் நோட்டில் புதிதாக ஒரு பக்கம் போட்டார். மேலே ‘நான்’ என்று எழுதினார். கீழே ‘மூச்சு. சீராக. லாரி வந்தாலும்.’

ஏழு நாள் அவரும் படித்தார். லாரி எதிரே வரும்போது கால் பெடல் மேல் இருக்க வேண்டும், மூச்சு மட்டும் பூனை தூங்குவதுபோல் போய்வர வேண்டும். பின்சீட்டிலிருந்து நாங்கள் மதிப்பெண் போட்டோம். “மாஸ்டர், இப்ப பஸ்ஸுக்கு இழுத்துட்டீங்க” என்பார் ரொட்டிக்காரர். “தெரியும்ணே, வாயை மூடுங்க” என்பார் மாஸ்டர். கடைசி மூன்று நாளில் இரண்டு தடவை மாஸ்டர் தன் பக்கத்து பிரேக்கை மிதிக்க வேண்டிவந்தது. இரண்டு தடவையும் மெத்தை முகம் வாடிப்போனாள்.

மாஸ்டர் சந்தோஷப்பட்டார். “இப்பத்தான்கா நீங்க ஓட்டறீங்க” என்றார்.

7

இனி என் முறை.

வியாழக்கிழமைதோறும் மாலை நாலு மணிக்கு நூலகத்தின் கீழ்த்தளத்தில் நான் கதை சொல்வேன். பத்துப் பதினைந்து பேர் வருவார்கள். இந்தக் கதையை மூன்று வியாழக்கிழமை சொன்னேன். மூன்று முடிவு சொன்னேன்.

முதல் வியாழன், முன்வரிசையில் ஒரு பெண். அவளுடைய அம்மாவைப் போன மாதம்தான் காப்பகத்தில் சேர்த்திருக்கிறாள், எனக்குத் தெரியும். காப்பகம் என்ற வார்த்தையை நான் சொன்னதும் அவள் மூச்சு நின்றது. உடனே மெத்தை டெஸ்டில் ஜெயித்துவிட்டாள். பெரியவர் ஜன்னலோரம் உட்கார்ந்து காரைப் பார்த்துக் கையசைத்தார். அந்தப் பெண் மூச்சு விட்டாள்.

இரண்டாவது வியாழன், ஓய்வு பெற்ற குமாஸ்தா ஒருவர் சுவரோரம் சாய்ந்திருந்தார். மாஸ்டரின் யோசனை பலித்துக்கொண்டே வருவது அவருக்குப் பிடிக்கவில்லை, மூக்கால் ஒரு சத்தம் வந்தது. அன்று மெத்தை தோற்றாள். மகன் மனமிரங்கி ஊருக்குப் போவதைத் தள்ளிப்போட்டார். குமாஸ்தா தலையசைத்தார், இதுதான் உலகம் என்பதுபோல்.

மூன்றாவது வியாழன் என்ன முடிவு சொன்னேன் என்று நினைவில்லை. பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். தூங்குகிறவர்களுக்குத் தகுந்த முடிவாகத்தான் இருந்திருக்கும்.

நாற்பது வருடமாக இதை என் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தேன். ஆளைப் பார்த்துக் கதை சொல்லத் தெரிந்தவள். ஒவ்வொருவருக்கும் எது வேண்டுமோ அதைக் கொடுக்கத் தெரிந்தவள். அது பொய்யுமில்லை. என் முன் உட்கார்ந்தவர்களை நான் நேசித்திருக்கிறேன், அவர்களில் யாரையும் கடைசி பெஞ்சில் விட்டதில்லை. ஆனால் அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஒன்று உறைத்தது. நானும் சாலையைப் பார்த்து ஓட்டியதில்லை. கேட்பவர் மூச்சு இழுத்தால் நிறுத்தினேன், கொட்டாவி விட்டால் நிறுத்தினேன். மெத்தைக்கு என்ன ஆனது என்று நான் ஒருமுறைகூட அவளைப் பார்த்துச் சொல்லவில்லை.

அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். இங்கே உங்கள் மூச்சு எனக்குக் கேட்காது. நீங்கள் பஸ்ஸில் இருக்கிறீர்களா, படுக்கையில் இருக்கிறீர்களா, யாரையாவது காப்பகத்தில் சேர்த்துவிட்டு வந்திருக்கிறீர்களா, தெரியாது. பக்கத்து இருக்கையில் யாரோ இருக்கிறார், அவ்வளவுதான் தெரிகிறது. பயமாகத்தான் இருக்கிறது.

8

டெஸ்ட் அன்று காலை பத்து மணி. லைசென்ஸ் அலுவலக வாசலில் மாஸ்டர், ரொட்டிக்காரர், நான் மூன்று பேரும் நின்றோம். பின்சீட்டில் யாரும் ஏறக்கூடாது என்பது விதி. ரொட்டிக்காரர் ஒரு காகிதப் பையில் ரொட்டி கொண்டுவந்திருந்தார். ஜெயித்தால் சாப்பிட, தோற்றாலும் சாப்பிட.

மெத்தை கண்ணாடிகளைச் சரிசெய்தாள். பெல்ட் போட்டாள். அதிகாரி வந்தார். புது ஆள். ஒரு கையில் சீட்டு செருகிய அட்டை, இன்னொரு கையில் கைக்குட்டை. காரில் ஏறும் முன் இரண்டு தும்மல் தும்மினார்.

“போச்சு” என்றார் ரொட்டிக்காரர்.

(சத்தியமாக இது நான் சேர்த்ததல்ல. சேர்த்திருந்தால் இவ்வளவு பொருத்தமாகச் சேர்த்திருக்கமாட்டேன், நீங்கள் நம்பமாட்டீர்களே என்று பயந்திருப்பேன்.)

“சளி ஜுரம் எல்லாம் நம்ம லைனுக்கே வருது” என்றார் மாஸ்டர்.

கார் கிளம்பியது. பின்கண்ணாடி வழியாக இரண்டு தலையும் தெரிந்தன. நாற்பதடி போனதும் அதிகாரியின் கைக்குட்டை மூக்குக்குப் போனது. தோள் குலுங்கியது. நான் கண்ணை மூடிக்கொள்ளப் பார்த்தேன், கண் மூடவில்லை.

கார் போய்க்கொண்டே இருந்தது.

சந்திப்புக்கு முன்னால், நடைபாதை ஓரத்தில், ஏணியைத் தோளில் சுமந்த ஒரு பெயின்டர். சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். அவர் திரும்பினால் ஏணியும் திரும்பும். சாலையின் பாதிவரை வரும். மாஸ்டர் அதைப் பார்த்துவிட்டார். ஏழு நாள் படித்த படிப்பு எல்லாம் பறந்துவிட்டது. சுருக்கென்று மூச்சை இழுத்தார், வலது கால் வெறும் தரையை ஓங்கி மிதித்தது.

அந்தத் தூரத்துக்கு எந்த மூச்சும் கேட்காது. கேட்கவும் வேண்டியிருக்கவில்லை. மாஸ்டர் மிதிப்பதற்கு முன்பே காரின் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டிருந்தது.

ஏணி திரும்பியது. காற்றை அறுத்துக்கொண்டு போய், மீண்டும் நேரானது. பெயின்டர் எதையும் கவனிக்காமல் சாலையைக் கடந்து போனார். சிவப்பு அணைந்தது. கார் நகர்ந்து, இண்டிகேட்டர் போட்டு, திருப்பத்தில் மறைந்தது.

“இப்ப என்ன மாஸ்டர்?” என்றார் ரொட்டிக்காரர்.

மாஸ்டர் தரையில் ஊன்றிய காலை எடுத்து, செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டார்.

திருப்பத்துக்கு அந்தப் பக்கம் மேடு இருக்கிறது. பின்னோக்கி ஓட்டி நிறுத்த வேண்டிய இடம் இருக்கிறது. அதிகாரிக்கு இன்னும் எத்தனை தும்மல் பாக்கியோ. அப்புறம் சீட்டில் அவர் எழுதும் ஒரு வார்த்தை, ஒண்ணாம் தேதி, ஜன்னலோரம் ஒரு நாற்காலி. என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். நான்கு வகையாகச் சொல்லவும் தெரியும்.

சொல்லமாட்டேன். சொல்ல ஆரம்பித்தால் உங்கள் பக்கம் காதை நீட்டுவேன், பழக்கம் விடாது. நீங்களே போய்ப் பாருங்கள், திருப்பம் பக்கத்தில்தான். இதற்கு மேல் என் காலடியில் பெடல் இல்லை.